ஒஹாயோ பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர்

வணக்கம் சகோதரி. உங்கள் கணவரின் எள்ளுப்பாட்டி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துப் பண்ணைக்காரி, வீட்டுக்காரர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இறந்தவர், பாட்டியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்தான் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், போரில் இறந்தவரின் மனைவிக்கு அரசு தந்த விதவை ஓய்வூதியத்தின் கோப்பைத் தேடுங்கள். பாட்டி விண்ணப்பித்திருந்தால் அது வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். பணம் வாங்க, கல்யாணம் நடந்ததையும் பிள்ளைகளின் வயதையும் நிரூபித்தாக வேண்டும். அதனால் பிரசவம் பார்த்த பெண்ணின் வாக்குமூலம், சிலசமயம் குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பக்கம்கூட உள்ளே இருக்கும். ஒரு கிராமத்துப் பெண்ணைப் பற்றி இவ்வளவு சொல்லும் ஆவணம் வேறு கிடைப்பது கடினம்.

1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாட்டியின் பெயருக்குக் கீழே உள்ள பிள்ளைகள் எல்லாரும் அவர் பெற்றவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உறவுமுறையைக் குறிப்பது 1880இல்தான் வந்தது. மூத்தது முதல் தாரத்துப் பிள்ளையாக இருக்கலாம்.

அப்புறம், 1850 கணக்கெடுப்பில் மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னும் பின்னும் சில பக்கங்கள் புரட்டுங்கள். பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில்தான் பெண் எடுத்தார்கள். சந்தேகப்படும் குடும்பம் தென்பட்டால், அந்தத் தகப்பனாரின் உயிலைப் பாருங்கள். மகள் பெயர் புகுந்த வீட்டுப் பெயரோடு இருக்கும். குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் பல கவுன்ட்டிகளின் (நம் மாவட்டம் போன்றவை) கல்யாணப் பதிவுகளும் உயில்களும் இலவசம். எந்தக் கவுன்ட்டி என்று சொல்லுங்கள், நானும் தேடுகிறேன்.