இவ்வளவு துணி போட்டும் ஏன் நடுக்கம்?

கேள்வி: எனக்கு வயது 38. போன மாதம் நண்பர்களோடு மலையேற்றம் போயிருந்தேன். கிளம்பும்போது 5 டிகிரி குளிர். பருத்தி பனியன், அதன்மேல் முழுக்கை டி-ஷர்ட், தடிமனான ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஜாக்கெட் என்று எல்லாம் போட்டுக்கொண்டுதான் போனேன். ஏறும்போது வேர்த்துக் கொட்டியது. உச்சியில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்ததும் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது, ஜாக்கெட் ஜிப்பைக்கூட இழுக்க முடியவில்லை. ரத்தசோகையாக இருக்கும் என்கிறார் கூட வந்தவர். அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். இன்னொரு ஸ்வெட்டர் சேர்த்துக்கொள்ளலாமா?

மருத்துவர் பதில்:

இன்னொரு ஸ்வெட்டரா? போட்டிருந்ததிலேயே ஒன்றைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். 'வேர்த்துக் கொட்டியது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நடுக்கத்துக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

சூட்டை உண்டாக்குவது உடம்பு. துணி செய்வதெல்லாம் தன் இழைகளுக்கு நடுவில் கொஞ்சம் காற்றைப் பிடித்துவைத்து அந்தச் சூடு வெளியே ஓடாமல் பார்த்துக்கொள்வதுதான். அந்தக் காற்று இருந்த இடத்தில் வேர்வை புகுந்துவிட்டால் கதை மாறிவிடும். தண்ணீர் காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், போதாததற்கு ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போகும். ஏறுகிறவரை தசைகள் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்ததால் இது உங்களுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தீர்கள், அடுப்பு அணைந்தது, ஆனால் முதுகில் ஒட்டிய ஈர பனியன் தன் வேலையை நிறுத்தவில்லை.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது அந்தப் பருத்தி பனியனை. வீட்டுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது, ஆனால் குளிரில் உடல் உழைப்பு என்றால் வேண்டவே வேண்டாம். குடித்த தண்ணீரை விடவே விடாது. தோலை ஒட்டிப் போடுவது பாலியஸ்டர் தெர்மலாகவோ மெல்லிய மெரினோ கம்பளியாகவோ இருக்கட்டும். பாலியஸ்டர் ஈரத்தைக் குடிக்காமல் வெளிப்பக்கம் தள்ளிவிடும், சீக்கிரம் காயும், ஒரே குறை நாற்றம். மெரினோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கதகதப்பு கொடுக்கும். எதுவானாலும் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொள என்று இருந்தால் வேர்வையை எடுக்காது.

நடு அடுக்குக்குத் தடியான ஒரு ஸ்வெட்டரைவிட மெல்லியதாக இரண்டு மேல், ஏனென்றால் ஒன்றை மட்டும் கழற்ற முடியும். ஃபிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைத் துணி இதற்கு நன்றாக இருக்கும். இறகு அடைத்த ஜாக்கெட் காய்ந்திருக்கும்வரை ராஜா, நனைந்தால் சப்பையாகிவிடும். அதைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், உட்காரும்போது போட்டுக்கொள்ளப் பையில் இருக்கட்டும். வெளி அடுக்கின் வேலை காற்றையும் மழையையும் தடுப்பது மட்டுமே, அது தடிமனாக இருக்கத் தேவையில்லை. காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்: 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் முகத்துக்கு அது 0 டிகிரி மாதிரிதான்.

துணி வாங்குவதுகூடச் சுலபம், எப்போது கழற்றுவது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே சுகமாக இருந்தால் கால் மணி நேரத்தில் வேர்க்கப்போகிறது என்று அர்த்தம். நடந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் பைக்கும் முதுகுக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். பிசுபிசு என்று இருந்தால் கூட்டத்தை நிறுத்தச் சொல்லி ஒரு அடுக்கைக் கழற்றுங்கள், கூச்சமே வேண்டாம். உச்சிக்குப் போனதும் இதற்கு நேர்மாறு: குளிரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், உட்காருவதற்கு முன்னாலேயே ஈர உள்துணியை மாற்றிவிட்டு, கழற்றியதையெல்லாம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜிப் இழுக்க முடியாமல் போனதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உள்ளுறுப்புகளின் சூட்டைக் காப்பாற்ற உடம்பு விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுகிறது, அதனால்தான் விரல் முதலில் மக்கர் பண்ணுகிறது. அதோடு கால் தடுமாறினாலோ பேச்சு குழறினாலோ, உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம். அந்த நிலையில் இருப்பவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார், நம்பாதீர்கள். காற்றுப் படாத இடத்தில் உட்காரவைத்து, ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்ததைப் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடாக, இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்கலாம். கைகாலைத் தேய்க்கக் கூடாது. மது கூடவே கூடாது, அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்துச் சூடு ஏறியது போல ஏமாற்றி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். குழப்பமும் மயக்கமுமாக இருப்பவருக்கு நடுக்கம் நின்றுவிட்டால் அது நல்ல செய்தி இல்லை, உடனே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

ரத்தசோகை விஷயம். மற்றவர்கள் சாதாரணமாக இருக்கும்போது வீட்டிலும் உங்களுக்கு மட்டும் குளிர்கிறதா, சோர்வும் இருக்கிறதா? அப்படியானால் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடலாம். விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவக்கிறது என்றாலோ, ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுத்தாலோ உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் வழியில் ஷூவைக் கழற்றிக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும், வலி வந்து எச்சரிக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகும்.

அப்புறம் சாக்ஸ். இரண்டு மூன்று போட்டு ஷூவுக்குள் காலைத் திணிக்காதீர்கள், இறுக்கினால் ரத்தம் போகாது; நானே ஒருமுறை மூன்று போட்டுக்கொண்டு போய், கட்டைவிரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நடந்திருக்கிறேன். கம்பளி சாக்ஸ் ஒன்று போதும், விரலை ஆட்ட இடம் இருக்க வேண்டும். கைக்கு, நான்கு விரலும் ஒரே பைக்குள் சேர்ந்திருக்கிற மாதிரியான உறை ஐந்து விரல் கையுறையைவிடச் சூடாக இருக்கும். உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்பது சும்மா. தலையின் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான். ஆனாலும் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், நடையை நிறுத்தாமல் கழற்றவும் மாட்டவும் முடிவது அது ஒன்றுதான். அந்த இன்னொரு ஸ்வெட்டருக்காகப் பையில் ஒதுக்கிய இடத்தில், தண்ணீர் புகாத உறைக்குள் காய்ந்த உள்துணி ஒன்றும் சாக்ஸ் ஒரு ஜோடியும் வைத்துவிடுங்கள்.