சவுடுக்கு அடியில்

அன்புள்ள ஐயா,

கல்லணை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எனக்கு ஊர் மன்னார்குடி. சென்னையில் ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சியில் டிசைன் இன்ஜினியர். நாங்கள் போடும் கணக்கில்தான் கட்டடம் நிற்கிறது. பெயர் ஆர்க்கிடெக்டுக்குப் போகிறது. எங்களைப் போன்றவர்களுக்குக் கல்வெட்டிலும் இடமிருந்ததில்லை. தஞ்சாவூரில் சொந்த அலுவலகம் தொடங்க ஆசை. பெரிய வேலைகள் கிடைக்காது என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். வரலாமா?

கா.

அன்புள்ள கா.,

கல்வெட்டுப் புலம்பலை விடுங்கள். பெரிய கோயிலில் அதைக் கட்டிய தச்சர் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் பெயர் பொறித்திருக்கிறதே, மன்னார்குடிக்காரர் நீங்கள் போய்ப் பார்த்ததில்லையா? ஆர்க்கிடெக்ட் வழக்குக்கும் நான் வரவில்லை.

கடிதம் முழுக்க மண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுதான் எனக்குக் கோபம். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றோம் என்று வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார். 1836-ல் அவர் முக்கொம்பில் மேலணை கட்டியது அந்தத் தெம்பில்தான்.

இப்போது நம் பக்கம் என்ன நடக்கிறது? வயலைத் தூர்த்து, இரண்டடி சவுடு மண் கொட்டி, கல் நட்டு மனை விற்கிறார்கள். பல இடங்களில் சவுடுக்கு அடியில் கிடப்பது அதே களிமண். ஐப்பசியில் நீர் குடித்து உப்பும், சித்திரையில் கை நுழையும் அளவு வெடிக்கும். அதில் நாலடிக் குழியெடுத்து ஃபுட்டிங் போட்டால் வீடும் கூடவே ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். இந்த மாதிரி மண்ணுக்கென்றே ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குடம்போல அகன்ற பைலை, அதாவது நிலத்துக்குள் இறக்கும் கான்கிரீட் தூணை, உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. ஈரம் ஏறி இறங்கும் ஆழத்தைத் தாண்டி, மூன்றரை மீட்டருக்குக் கீழே போய் அது பிடித்துக்கொள்ளும். அது தேவையா என்பது மண் பரிசோதனை செய்தால்தானே தெரியும்? 63.5 கிலோ சுத்தியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிற வேலை. முகப்பு எலிவேஷனுக்கும் கிரானைட்டுக்கும் லட்சக்கணக்கில் கொடுப்பவருக்கு இதற்குக் கை வராது. சில இன்ஜினியர்களும் மண்ணின் தாங்குதிறனை மனதிலிருந்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பாவம், தம்பி. தெரிந்தே செய்கிற பாவம்.

என் மாமா நீங்கள் தொடங்க நினைப்பதுபோல ஒரு சின்ன அலுவலகத்தில்தான் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார். அவர், ஒரு இன்ஜினியர், பிரின்ட் எடுக்க ஒரு பையன், அவ்வளவுதான் ஆட்கள். மாடிப்படி ஏறும்போதே பிரின்ட் எடுக்கும் அம்மோனியா நெடி அடிக்கும். எந்தக் கம்பி எங்கே வளைய வேண்டும் என்று படத்தின் ஓரத்தில் கம்பி மேஸ்திரிக்காகத் தமிழில் எழுதி வைப்பார். இன்ஜினியர் குழியில் இறங்கி மண்ணைப் பிசைந்து பார்த்துவிட்டு வராமல் மாமா பென்சிலைத் தொட மாட்டார். அதனாலேயே கைவிட்டுப் போன வேலைகள் உண்டு. அத்தையின் வளையல் அடகுக்குப் போன மாதங்களும் உண்டு. அப்புறமும் இரண்டு பேரும் மாறவில்லை. அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்ற வருத்தம் எனக்குண்டு.

சரி, வாருங்கள். முதலில் வீட்டு வேலைகள்தான் வரும். என் தங்கை வலங்கைமான் பக்கம் ஒரு மனை வாங்கியிருக்கிறாள், தூர்த்த வயல்தான். கோடையில் நிலம் காய்ந்ததும் வந்து குழி எடுத்துப் பாருங்கள். மண் பரிசோதனைச் செலவை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.