ஓட்டு வந்த கதையும் போன கதையும்

கேள்வி: 1828 அதிபர் தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் ஜெயித்த பிறகுதான் அமெரிக்காவில் ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் ஓட்டுரிமை கிடைத்தது என்று படித்தேன். அவரை அந்நாட்டு மக்களாட்சியின் தந்தை எனலாமா?

பதில்: தந்தைப் பட்டம் இருக்கட்டும். ஓட்டுரிமை ஜாக்சன் கொடுத்ததல்ல. அது மாநிலங்களின் கையில் இருந்தது. அவர் ஜெயிப்பதற்கு முன்பே பல மாநிலங்கள், சொத்து இருந்தால்தான் ஓட்டு என்ற சொத்துத் தகுதியைக் கைவிட்டுவிட்டன. அந்தப் புது ஓட்டுகளைத் திரட்டிக் கட்சியாகக் கட்டிக் கொடுத்தவர் நியூயார்க் அரசியல்வாதி மார்ட்டின் வான் ப்யூரன்.

நீங்கள் எழுதியிருக்கும் ‘எல்லோருக்கும்’தான் என்னை உறுத்துகிறது. நியூ ஜெர்சியைப் பாருங்கள். 50 பவுண்டு பெறுமான சொத்துள்ள குடியிருப்போர் எவரும் வாக்களிக்கலாம் என்றது அதன் 1776 அரசியல் சட்டம். ஆணா பெண்ணா, வெள்ளையா கறுப்பா என்று அது கேட்கவில்லை. மணமான பெண்ணின் சொத்து கணவனுடையது என்பதால், விதவைகளும் மணமாகாத பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். அடிமைத்தளையில் இல்லாத கறுப்பர்களும் போட்டார்கள்.

1807-இல் எசெக்ஸ் மாவட்ட நீதிமன்றத்தை நெவார்க்கில் கட்டுவதா, எலிசபெத்டவுன் பக்கம் கட்டுவதா என்று ஒரு வாக்கெடுப்பு. இரண்டு ஊரும் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டன. தகுதியுள்ள வாக்காளர்களைவிட விழுந்த வாக்குகள் அதிகம்! ஆண்களும் பையன்களும் பெண் வேஷம் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து குத்தினார்கள் என்று புகார். ஒரு கோர்ட்டுக் கட்டடத்துக்காக மீசையை மழித்துப் பாவாடை கட்டிய ஊர்ப்பற்றை என்னவென்பது! தேர்தல் செல்லாது என்றார்கள். சரி, அதோடு விட்டார்களா? அதே வருஷம் சட்டமன்றம் பெண்களின் ஓட்டைப் பறித்தது. கறுப்பர்களின் ஓட்டையும் பறித்தது. வேஷம் போட்டது ஆண்கள், உரிமை போனது பெண்களுக்கு. அதே சட்டம்தான், வரி கட்டும் வெள்ளை ஆண் என்றால் சொத்துக் கணக்கு வேண்டாம் என்று கதவைத் திறந்துவிட்டது.

உரிமை ஒருமுறை வந்தால் போகாது என்று நம்புகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பல வருஷமாகச் சண்டை போடுகிறேன். இன்னும் போடுவேன். நியூயார்க்கின் 1821 அரசியல் சட்ட மாநாடு வெள்ளையருக்குச் சொத்துத் தகுதியை எடுத்துவிட்டு, கறுப்பருக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. பென்சில்வேனியா 1838-இல் வாக்காளர் ‘வெள்ளையராக’ இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே புதிதாகச் சேர்த்தது. ராபர்ட் பர்விஸ் என்ற கறுப்பினத் தலைவர் 40,000 குடிமக்களின் பெயரால் ஒரு முறையீடு எழுதி, இதை ஏற்காதீர்கள் என்று வாக்காளர்களைக் கேட்டார். வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஜாக்சன் கட்சி கொடிகட்டிப் பறந்த காலம் அது.

பென்சில்வேனியாவின் கறுப்பின ஆண்களுக்கு அந்த ஓட்டு 1870-இல் திரும்பி வந்தது. நியூ ஜெர்சிப் பெண்கள் 1920 வரை காத்திருந்தார்கள்.