ஹைகோர்ட் ரிஜிஸ்ட்ரி என்பது யார்? அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: "உயர் நீதிமன்ற ரிஜிஸ்ட்ரி என்று செய்திகளில் வருகிறதே, அது யார்? அதன் செலவுக்குப் பணம் கொடுப்பது மாநில அரசா, மத்திய அரசா, இல்லை நாம் கட்டும் கோர்ட் கட்டணமா? அரசே சம்பளம் கொடுத்தால் அரசுக்கு எதிரான வழக்கை எப்படி நம்பிக் கொடுப்பது?"

சேலம் மாவட்ட நீதிமன்றங்களில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, சிரஸ்தாராக, அதாவது கோர்ட் அலுவலகத்தின் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் நான். ஹைகோர்ட்டில் வேலை பார்த்ததில்லை. ஆனால் அங்கிருந்து வரும் கடிதத்துக்குப் பதில் எழுதியே பாதி உத்தியோகம் போனது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கேள்வியைப் படித்ததும் நாகலூர்ப் பெரியவர் ஒருவர் ஞாபகம் வந்தார். ஏற்காடு மலையில் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருந்தார். பாகப்பிரிவினை வழக்குக்காகப் பல வருடம் மலை இறங்கி வந்தார். ஒரு மே மாத மதியம், நான் அப்போது இருந்த கோர்ட்டில் ஃபேன் ஓடவில்லை. வாய்தா வாங்கிக்கொண்டு போகும்போது என் மேஜைப் பக்கம் நின்று, "ஏனுங்க சார், இத்தனை ஸ்டாம்பு ஒட்டறோம். அந்தக் காசுல ஒரு ஃபேன் வாங்கிப் போடக் கூடாதுங்களா?" என்று கேட்டார். "அது எங்க கையில இல்லீங்க அய்யா" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். முழுப் பதிலையும் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை தோன்றியது.

அந்த ஸ்டாம்பு காசிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி வசூலாவது அது. பண வழக்கு என்றால் முன்பு வழக்கின் மதிப்பில் 7.5 சதவீதம் கட்ட வேண்டும். 2017-ல் அதை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு லட்ச ரூபாய்க்கு வழக்குப் போட்டால் 7,500 ரூபாய்க்குப் பதில் 3,000 ரூபாய். ஸ்டாம்பு ஒட்டிய மனு கைக்கு வந்ததும் அதில் பஞ்ச் வைத்து ஓட்டை போட வேண்டும், யாரும் உரித்து வேறு மனுவில் ஒட்டிவிடாமல் இருக்க. புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளருக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஆனால் ஓட்டை போடும் கோர்ட்டுக்கு அந்தக் காசில் ஒரு பைசா கிடையாது. அது மாநில அரசின் கருவூலத்துக்குப் போகிறது. சென்னை ஹைகோர்ட்டில் கட்டும் கட்டணமும் அப்படியே. நீதிமன்றம் வாங்கும் கட்டணமும் பிற தொகைகளும் மாநிலத்தின் தொகுப்பு நிதியில், அதாவது அரசின் வருவாய் சேரும் முதன்மை நிதியில், சேர வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 229-ஆவது பிரிவே சொல்கிறது.

கோர்ட்டில் பணப் பொறுப்பைப் பார்க்கும் நாசர் என்ற ஊழியரிடம் இருக்கும் டெபாசிட்டைப் பார்த்தும் சிலர் குழம்புவார்கள். விபத்து இழப்பீடு, வாடகை வழக்குத் தொகை என்று கோர்ட் பேரில் வங்கியில் பெரும் பணம் கிடக்கும். அது கட்சிக்காரர்களின் பணம், கோர்ட் காவல்காரன் மட்டுமே.

சரி, ரிஜிஸ்ட்ரிக்கு வருவோம். தமிழில் பதிவகம் என்கிறார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதன் தலைவர் தலைமைப் பதிவாளர், அதாவது ரிஜிஸ்ட்ரார் ஜெனரல். வழக்கமாக மாவட்ட நீதிபதி நிலையில் இருக்கும் ஒரு நீதித்துறை அதிகாரியை அந்தப் பதவியில் அமர்த்துவார்கள். ஒரு மாவட்டத்தில் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தவர் அங்கே போய்க் கோப்பு பார்ப்பார். அவருக்குக் கீழே நீதிப் பணி, நிர்வாகம், கண்காணிப்பு, கணினி மற்றும் புள்ளிவிவரம் என்று தனித்தனிப் பதிவாளர்கள். அப்புறம் துணைப் பதிவாளர்கள், உதவிப் பதிவாளர்கள், பிரிவு அலுவலர்கள், உதவியாளர்கள் என்று இறங்கும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்த பிறகு அங்கேயும் தனி அலுவலகம் இருக்கிறது. நம் சேலம் மாவட்டம் மதுரையில் சேரவில்லை. இன்றும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னைக்குத்தான் போக வேண்டும்.

வக்கீல்கள் "ரிட்டர்ன் போட்டுட்டாங்க" என்று சலித்துக்கொள்வது இந்த அலுவலகத்தைப் பற்றித்தான். மனு தாக்கலானதும் முதலில் எஸ்.ஆர். நம்பர் என்ற தற்காலிக எண் விழும். பரிசோதனைப் பிரிவு கட்டணம், காலவரம்பு, நகல்கள் எல்லாம் பார்த்துக் குறை இருந்தால் திருப்பும். சரியாக இருந்தால்தான் வழக்கு எண் கிடைக்கும், பட்டியலில் வரும். எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்ற ரோஸ்டரை வகுப்பது தலைமை நீதிபதி. அதன்படி பட்டியல் போடுவது ரிஜிஸ்ட்ரி. சென்னை, மும்பை, கல்கத்தா மூன்றும் 1862-ல் தொடங்கிய பழைய ஹைகோர்ட்டுகள். சென்னையில் அப்பீல் பக்கம் தவிர, நகரத்தின் பெரிய சிவில் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் அசல் பக்கமும் உண்டு. அதற்கு மாஸ்டர் என்ற அதிகாரியும் தனிப் பிரிவுகளும் இருக்கின்றன. சேலத்துக்காரர்களுக்கு அந்தப் பக்கம் அதிகம் வேலை இருக்காது.

நிர்வாகப் பக்கம், நீதிப் பக்கம் என்று ஹைகோர்ட்டுக்கு இரண்டு முகம் உண்டு என்பதை நன்றாகக் காட்டிய ஒரு வழக்கைச் சொல்கிறேன். வழக்கு சமரசமானால் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரலாம் என்று நம் கட்டணச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. கட்சிக்காரர்கள் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்ட ஒரு வழக்கிலும் கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லி சென்னை ஹைகோர்ட் நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். சட்டம் சொல்லும் வழிகளில் முடிந்தால்தான் அப்படித் தர முடியும் என்று அதே ஹைகோர்ட்டின் நிர்வாகப் பக்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. தாங்களாகவே சமாதானம் ஆனவர்களைத் தண்டிப்பதுபோல் சட்டத்தைப் படிக்கக் கூடாது என்பதுதான் என் கருத்தும். நாகலூர்ப் பெரியவரின் வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. அவருக்கும் கட்டணம் திரும்பக் கிடைத்தது.

இனி உங்கள் கேள்வியின் முக்கியமான பாதி. அரசு சம்பளம் கொடுத்தால் கோர்ட் எப்படி அரசை எதிர்த்துத் தீர்ப்புச் சொல்லும்? அரசமைப்பை எழுதியவர்கள் இதை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஹைகோர்ட் ஊழியர்களை நியமிப்பது தலைமை நீதிபதியும் அவர் கைகாட்டும் நீதிபதி அல்லது அதிகாரியும். பணி விதிகளையும் அவரே வகுக்கலாம். சம்பளம், படி, விடுப்பு, ஓய்வூதியம் பற்றிய விதிகளுக்கு மட்டும் ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். நடைமுறையில் அது மாநில அரசின் ஒப்புதல்தான்.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று நீதிமன்றங்களிலேயே பலமுறை சண்டை நடந்திருக்கிறது. அசாம் ஹைகோர்ட்டில் தலைமை நீதிபதி ஓர் ஊழியரைச் செயலாளராக நியமித்தார். அரசுத் தரப்பு அதை ஏற்கவில்லை. நியமனம் தலைமை நீதிபதியின் தனி அதிகாரம், அதில் அரசு தலையிட முடியாது என்று 1971-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபக்கமும் உண்டு. 2023-ல் அலகாபாத் ஹைகோர்ட், ஓய்வு பெற்ற நீதிபதிகளுக்கான வசதிகள் பற்றிய விதிக்கு ஒப்புதல் தரவில்லை என்று உத்தரப் பிரதேச நிதித்துறை அதிகாரிகளைக் காவலில் வைக்கச் சொன்னது. 229-ஆவது பிரிவு ஊழியர்களைப் பற்றியது, ஓய்வு பெற்ற நீதிபதிகளுக்கு விதி செய்ய அதில் இடமில்லை என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுகளை ரத்து செய்தது. ஆளை நியமிப்பதில் கோர்ட்டுக்கு முழுச் சுதந்திரம், பணத்தில் பாதிதான் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பணத்திலும் ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. ஹைகோர்ட் நீதிபதிகளின் சம்பளமும் ஹைகோர்ட்டின் நிர்வாகச் செலவும் மாநிலத் தொகுப்பு நிதியின் மேல் நேரடியாக ஏற்றப்பட்ட செலவுகள். சட்டமன்றத்தில் அதைப் பற்றிப் பேசலாம், ஓட்டுக்கு விட முடியாது. ஒரு தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக ஆளுங்கட்சி அடுத்த வருடம் அந்தத் தொகையை வெட்டி ஓட்டுப் போட முடியாது. நீதிபதிகளின் ஓய்வூதியமோ மத்திய அரசின் தொகுப்பு நிதியிலிருந்து வருகிறது. அவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றப்படுகிறவர்கள், அதனால் அது சரியான ஏற்பாடுதான்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு சென்னையிலும் மதுரையிலும் முடிந்துவிடுகிறது. இதைத்தான் பெரியவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம், ஆத்தூர், சங்ககிரி, மேட்டூர், ஓமலூர் கோர்ட்டுகள், அங்கே உட்கார்ந்திருக்கும் மாவட்ட நீதிபதி முதல் அமீனா வரை எல்லோருடைய செலவும் சட்டமன்றம் ஓட்டுப் போட்டு ஒதுக்கும் சாதாரண மானியம். 227, 235-ஆவது பிரிவுகளின்படி இந்தக் கோர்ட்டுகளை மேற்பார்வை பார்ப்பதும், நீதிபதிகளுக்கு இடமாற்றம், பதவி உயர்வு, விடுப்பு தருவதும் ஹைகோர்ட். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு போர்ட்ஃபோலியோ நீதிபதி உண்டு, அந்த மாவட்டத்தைக் கவனிக்கும் ஹைகோர்ட் நீதிபதி அவர். அவர் ஆய்வுக்கு வரும் வாரம் எங்களுக்குத் தூக்கம் இருக்காது, பதிவேடு ஒவ்வொன்றும் கேட்பார். அதிகாரம் முழுக்க ஹைகோர்ட்டிடம், பணப்பை அரசிடம். வழக்குப் போடும் சாதாரண ஜனம் வாழ்நாளில் பார்க்கும் கோர்ட் இதுதான். அதற்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

கேட்டு வாங்கும் வழி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டுக்கு முன்னால் நம்பர் ஸ்டேட்மென்ட் தயாரிப்போம். எத்தனை பணியிடம், யாருக்கு என்ன சம்பளம், எத்தனை காலி என்ற கணக்கு. அது முதன்மை மாவட்ட நீதிபதி வழியாகச் சென்னைக்குப் போகும். சம்பளத்துக்குத் தடங்கல் வராது. புதிதாக ஒன்று வேண்டும் என்றால்தான் பயணம் நீளும். நான் இருந்த ஒரு தாலுகா கோர்ட்டில் நகல் பிரிவுக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின் கேட்டோம். தாலுகா நீதிபதி மாவட்ட நீதிபதிக்கு எழுதினார். அங்கிருந்து ரிஜிஸ்ட்ரிக்கு, ரிஜிஸ்ட்ரியிலிருந்து உள்துறையின் நீதிமன்றப் பிரிவுக்கு, அங்கிருந்து நிதித்துறைக்கு. நடுவில் ஆர்.ஓ.சி. நம்பர் என்ற கோப்பு எண் போட்டு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். பதில் எழுதினால் வேறு விளக்கம் கேட்பார்கள். மெஷின் வருவதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை தீர்ப்பு நகலுக்கு மலையிலிருந்து வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போயிற்று. ஃபேன் விஷயம் இன்னொரு வழி. கட்டடப் பராமரிப்பு பொதுப்பணித்துறை, அதில் மின்சார வேலை தனிப் பிரிவு. அவர்களுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும்.

புதிய கோர்ட் திறப்பதும் இதே பாதைதான், ஆனால் இன்னும் பெரிய தொகை. 2002-ல் உச்ச நீதிமன்றம், பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் என்ற அளவை ஐந்து ஆண்டுக்குள் எட்ட வேண்டும் என்றது. கீழ் நீதிமன்றச் செலவில் பாதியை மத்திய அரசு ஏற்கட்டும் என்று, கீழ் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் பற்றி ஆராய்ந்த ஷெட்டி ஆணையம் பரிந்துரைத்திருந்தது. அதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, மாநிலங்களே ஏற்க வேண்டும் என்றது. அந்த 50-இல் பாதியைக்கூட நாடு இன்னும் எட்டவில்லை. எண்ணிக்கையை உத்தரவாகச் சொல்பவர் ஒருவர், பணம் கொடுக்க வேண்டியவர் இன்னொருவர் என்றால் இப்படித்தான் ஆகும்.

மத்திய அரசின் பங்கு முக்கியமாக இரண்டு இடத்தில் வரும். 1993-94 முதல் நடக்கும் நீதிமன்றக் கட்டடத் திட்டத்தில் நம்மைப் போன்ற மாநிலங்களுக்குச் செலவு 60:40 என்று பிரிகிறது, 60 மத்திய அரசு. இன்னொன்று கோர்ட்டுகளைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டம். 2007-ல் தொடங்கியது. 2023-ல் ஒப்புதலான மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் 7,210 கோடி ரூபாய். இன்று நாகலூரில் உட்கார்ந்தபடியே வழக்கு எண்ணைப் போட்டு அடுத்த வாய்தா எப்போது என்று செல்போனில் பார்க்க முடிகிறது என்றால் அது இந்தப் பணத்தில் வந்தது. நான் பார்த்த மாற்றங்களில் கட்சிக்காரர்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது இதுதான்.

கணக்கை நீங்களே பார்க்க விரும்பினால் தமிழக பட்ஜெட் ஆவணங்களில் மானியக் கோரிக்கை எண் 3, நீதி நிருவாகம் என்ற புத்தகத்தை எடுங்கள். 2014 என்று ஒரு எண் வரும். அது வருடம் இல்லை, நீதி நிருவாகச் செலவின் கணக்குத் தலைப்பு. ஹைகோர்ட்டுக்கு ஒன்று, மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒன்று என்று உட்பிரிவுகள் இருக்கும். ஓட்டுக்கு விடும் தொகையும் விடாத தொகையும் தனித்தனியாக இருக்கும்.

குறை சொல்ல வேண்டும் என்றால், ஊழியர் லஞ்சம் கேட்டார் என்பது போன்ற புகாரை முதன்மை மாவட்ட நீதிபதிக்கோ, ஹைகோர்ட்டின் கண்காணிப்புப் பதிவாளருக்கோ எழுதுங்கள். நகல் தாமதம், கழிப்பறை இல்லை, குடிதண்ணீர் இல்லை என்றால் மாவட்ட நீதிபதிக்கு எழுதி, தலைமைப் பதிவாளருக்கும் உள்துறைக்கும் ஒரு பிரதி போடுங்கள். மூன்று இடத்துக்கும் ஒரே தேதியில் போன கடிதத்தை ஓரமாக வைப்பது கஷ்டம். வழக்கு எண், தேதி, எந்தக் கோர்ட் என்று மேலே தெளிவாக எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.