காலாவதி ஆனது சிலிண்டர்தான், ரைபிள் இல்லை

கேள்வி: கோத்தகிரி பக்கம் இரண்டரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். மகள் கோவையில் பி.காம். முதலாண்டு படிக்கிறாள், 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். 2015-ல் தயாரான, அலுமினியச் சட்டம் உள்ள ஜெர்மன் ரைபிள் ஒன்றை, நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீனியர் பையனிடமிருந்து வாங்கிக் கொடுத்தேன். போன மேட்சில் 612 எடுத்தாள். இப்போது அதே கம்பெனி சேசிஸை மாற்றிப் புது மாடல் விட்டிருக்கிறது. மூன்றே கால் லட்சம் ஆகுமாம். பழசைக் கொடுத்தால் 80 ஆயிரம் கழித்துக்கொள்வதாகக் கடையில் சொல்கிறார்கள். “உங்க ரைபிள் இனிமேல் மேட்சில் செல்லாது சார்” என்றும் சொல்கிறார்கள். பச்சை இலை போகிற விலையில், வீட்டு நகையைச் சங்கத்தில் வைத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கலாமா? (பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: நகையை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அப்புறம் பேசுவோம்.

முதலில் அந்தச் ‘செல்லாது’. கடைக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. ரைபிளின் முன்பக்கம், குண்டு வெளிவரும் குழலான பேரலுக்குக் கீழே இருக்கும் காற்றுச் சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள். அதன் மேலேயே தேதி பொறித்திருக்கும். தயாரான நாளிலிருந்து பத்து வருஷம்தான் அதற்கு ஆயுள். உலகத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியும் அதையே சொல்கிறது, தேதியைப் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்றும் சொல்கிறது. 2015 ரைபிளோடு வந்த சிலிண்டர் என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. உள்ளே 200 பார் அழுத்தம், உங்கள் கார் டயரில் இருப்பதைப்போலக் கிட்டத்தட்ட தொண்ணூறு மடங்கு. தேதி தாண்டிய சிலிண்டரில் இன்னொரு தடவை காற்று அடைக்க வேண்டாம். ஆனால் காலாவதி ஆனது சிலிண்டர் மட்டும்தான். அதே கம்பெனியின், அதே மாடலுக்குப் பொருந்தும் புதுச் சிலிண்டரை வாங்கி மாட்டினால் ரைபிள் மேட்சுக்குத் தயார். கேஸ் தீர்ந்துபோனால் அடுப்பையா மாற்றுகிறோம்?

இனி சேசிஸ். லாரிக்குச் சேசிஸ் எதுவோ அதுதான் ரைபிளுக்கும். பேரலும், குண்டைத் தள்ளிவிடும் ஆக்‌ஷனும், ட்ரிக்கரும் எந்தச் சட்டத்தின் மேல் உட்காருகிறதோ அதற்குப் பெயர் சேசிஸ். ஒரு காலத்தில் இது வால்நட் மரக்கட்டை. ஜூன், ஜூலையில் நம் ஊர் மூட்டத்தில் கதவே நிலையில் இறுகிக்கொள்கிறதே, அந்த மாதிரி மரக்கட்டையும் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் உப்பும். போன வாரம் வைத்த அளவு இந்த வாரம் இருக்காது. அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. மரத்திலிருந்து அலுமினியத்துக்கு மாறுவதா என்று நீங்கள் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் மகள் கையில் இருப்பதே அலுமினியம். நீங்கள் கேட்பது அலுமினியத்திலிருந்து கொஞ்சம் நல்ல அலுமினியத்துக்கு.

அந்த ‘கொஞ்சம் நல்ல’ என்பதில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் மூன்று, நாலு சங்கதிதான். கன்னம் படும் சீக் பீஸை, ஆலன் கீ என்கிற அறுகோணத் திருகுச் சாவி இல்லாமல் விரலாலேயே ஏற்றி இறக்கலாம், பக்கத்தில் எண் போட்டிருக்கும். தோளில் உட்காரும் பட் பிளேட் இன்னும் இரண்டு திசையில் சாயும். எடைக் கட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தலாம். கைப்பிடியும் கொஞ்சம் நகரும். கலர் புதுசு. பேரலும் ஆக்‌ஷனும் அநேகமாகப் பழையதேதான். விற்பவரிடம் நேராகவே கேளுங்கள், “பேரல் மாறியிருக்கா, வால்வு மாறியிருக்கா?” என்று. பதில் சுற்றி வளைத்து வந்தால், மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேற்று வைத்த அளவை இன்று அச்சு மாறாமல் மறுபடி வைக்க முடிவது பெரிய விஷயம். ஆனால் அதைப் பழைய ரைபிளிலும் செய்யலாம். சரியான அளவு கிடைத்ததும் ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் வைட்னரால் ஒரு மெல்லிய கோடு போட்டு, ஸ்கேல் வைத்து செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து ரூபாய் வைட்னர். மூன்றே கால் லட்சத்துச் சேசிஸ் செய்யும் வேலையில் பாதியை இது செய்துவிடும். (கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மீதிப் பாதியை உங்களுக்கே விட்டுவிட்டேன்.)

இப்போது கணக்குக்கு வருவோம், உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 60 குண்டுக்கு 612 என்றால் சராசரி 10.2. பத்து மீட்டர் குறி அட்டையில் ஒவ்வொரு 0.1 மார்க்கும் கால் மில்லிமீட்டர். குண்டின் நடு, அட்டையின் நட்டநடுவிலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10.9, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் 10.2. அதாவது உங்கள் மகளின் குண்டு சராசரியாக நடுவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகுகிறது. இந்த இரண்டு மில்லிமீட்டர் ரைபிளுடையதா, அவளுடையதா?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ரேஞ்சில் ரைபிள் பழுது பார்ப்பவரிடம் சொல்லி, ரைபிளைக் கிளாம்பில் இறுக்கிப் பூட்டச் சொல்லுங்கள். மகள் மேட்சில் போடும் அதே டப்பாக் குண்டில் பத்துக் குண்டு சுடுங்கள். பத்தும் சேர்ந்து அட்டையில் ஒரே ஓட்டையாக விழும். ஓட்டையின் அகலத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்து பாருங்கள். ஆறரை மில்லிமீட்டர் வருகிறது என்று வையுங்கள். அதில் நாலரை மில்லிமீட்டர் குண்டின் சொந்த அகலம், அது கழிந்தால் சிதறல் இரண்டு மில்லிமீட்டர்தான். நடுவிலிருந்து பார்த்தால் எந்தப் பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகவில்லை. அப்படியானால் குறிபார்க்கும் சைட்டைச் சரியாக நடுவில் வைத்தால், இந்த ரைபிள் போடும் ஆக மோசமான குண்டுகூட 10.5-க்குக் கீழே இறங்காது. அறுபதும் மோசமாகவே விழுந்தாலும் 630.

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் எடுத்தது 630.7. அதற்குப் பத்தாவது இடம், எட்டுப் பேருக்குத்தான் ஃபைனல். ஆக, அந்த ஓட்டை ஆறரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால், ஒலிம்பிக் ஃபைனல் வாசல் வரை கூட்டிப்போகும் ரைபிள் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. மீதி 18 மார்க் நிற்பதிலும், மூச்சிலும், ட்ரிக்கர் விரலிலும், சுட்ட பிறகும் அரை நொடி அசையாமல் இருப்பதிலும் இருக்கிறது. பேரலை விட்டுக் குண்டு வெளியேறுவதற்குள் தோள் தளர்ந்தால் எந்தச் சேசிஸும் காப்பாற்றாது.

ஓட்டை எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் என்று வந்தால்? அப்போதும் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் குண்டை மாற்றிப் பாருங்கள். டப்பாவில் 4.49, 4.50 என்று தலை அளவு போட்டிருக்கும். ஒரு பேரலுக்குப் பிடிப்பது இன்னொன்றுக்குப் பிடிக்காது. அடுத்து, ஆக்‌ஷனைச் சேசிஸோடு பிடிக்கும் திருகுகள் மேனுவலில் சொன்ன இறுக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து வருஷ ரைபிளில் ரப்பர் சீல்களும் மாற்ற வேண்டி இருக்கும். முக்கால்வாசி ரைபிள் இதிலேயே சரியாகிவிடும்.

இதெல்லாம் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன். எனக்கும் ஒரு காலத்தில் புதுசு பிடித்து ஆட்டியது. கடன் வாங்கி, எல்லாப் பக்கமும் திருகக்கூடிய ஒரு ஸ்டாக், அதாவது சேசிஸ், வாங்கினேன். திருகலாம் என்பதாலேயே தினமும் திருகினேன். மார்க் இறங்கினால் சீக் பீஸை ஏற்றுவேன், மறுநாளும் இறங்கினால் பட் பிளேட்டைச் சாய்ப்பேன். நாலு மாதத்தில் மார்க் ஆறு குறைந்தது, எந்த அளவில் நன்றாகச் சுட்டேன் என்பதும் மறந்துபோனது. கடைசியில் கோச் ஆலன் கீயைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மார்க் ஏறியது.

சரி, புதுசு எப்போது தேவை? மகளை ரைபிளைத் தூக்கி நிற்கச் சொல்லுங்கள். கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறக்கட்டும். கழுத்தை நீட்டாமல், குனியாமல் சைட்டின் நடுவில் கண் இருக்கிறதா? இல்லையென்றால் சீக் பீஸையும் பட் பிளேட்டையும் சரிசெய்யுங்கள். அவை ஓடுகிற எல்லை வரை ஓடி முட்டி நின்றும் பொருந்தவில்லை என்றால், அந்தச் சேசிஸ் அவள் உடம்புக்குப் போதவில்லை. நாலு வருஷத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள் இல்லையா? அப்போது மாற்றுவது நியாயம். அல்லது தொடர்ந்து 625-க்கு மேல் போட ஆரம்பித்து, ஒன்றிரண்டு மார்க்குக்கு அல்லாடும்போது மாற்றலாம். அப்போதும் யாரிடமாவது இரவல் வாங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுட்டுப் பார்த்த பிறகுதான். எடையையும் கவனியுங்கள். மேட்சில் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. புதுச் சேசிஸில் கட்டி மாட்ட இடம் நிறைய இருக்கிறதே என்று மாட்டிக்கொண்டே போனால், அதைச் சுமப்பது அவள் முதுகு.

வாங்காமல் மிச்சமாகும் பணத்தில் முதலில் சிலிண்டர், பிறகு சீல் சர்வீஸ், பிறகு கிளாம்பில் தேர்ந்த குண்டு, ஒரே தடவையில் தயாரான ஒரே லாட்டில், ஒரு வருஷத்துக்கு. சுடும்போது உடம்பை அசையாமல் பிடிக்கப் போடும் ஜாக்கெட்டையும் பாருங்கள். மழைக்காலத்தில் அலமாரியில் தொங்கிப் பூஞ்சணம் பிடித்துத் தொளதொளவென்று ஆகியிருந்தால் அதை மாற்றுவது சேசிஸைவிட அதிக மார்க் தரும்.

மலைக்காரர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. வீட்டில் கைப்பம்பு வைத்து மூட்டக் காற்றை அடைக்காதீர்கள், ஈரமும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். கீழே ரேஞ்சிலேயே, ஃபில்டர் உள்ள கம்ப்ரஸரில் அடைத்துக்கொள்ளட்டும். விடுமுறைக்கு வந்து திரும்பும்போது, கோவை போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்க வேண்டாம். சில்லென்ற இரும்பில் கீழ்நாட்டு வெக்கை பட்டால் முத்து முத்தாக வேர்க்கும். ஒரு மணி நேரம் போகட்டும். வீட்டில் இருக்கும் நாட்களில் நேர்மாறாக, ஸ்பாஞ்சு வைத்த பெட்டிக்குள் பூட்டி வைக்காமல், லேசாக எண்ணெய் தடவிக் காற்றாட வையுங்கள், கைக்கெட்டாத பூட்டிய அலமாரியில்.

அக்கம்பக்கத்தார் “தோட்டத்தில் காட்டெருமை நிற்குது, பொண்ணோட துப்பாக்கியைக் கொண்டுவாங்க” என்று கூப்பிடுவார்கள். லைசென்ஸே வேண்டாத அளவு சன்னமான ஏழெட்டு ஜூல் குண்டு அது, எருமைக்குக் கொசுக்கடி. அதோடு 1972 வனவிலங்குச் சட்டம் கடிக்கும் கடி வேறு. தகரத்தைத் தட்டச் சொல்லுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் விஷயம் கடைசியாக. பின்னாளில் மாற்றும் நிலை வந்தாலும் 80 ஆயிரத்துக்குக் கடையில் தள்ளிவிடாதீர்கள். தேதி உள்ள சிலிண்டர், புது சீல், கிளாம்பில் சுட்ட அந்த அட்டை, இவை மூன்றையும் சேர்த்து ரேஞ்சில் புதிதாகச் சேரும் பிள்ளையின் அப்பாவிடம் காட்டுங்கள். நீங்கள் சீனியர் பையனிடம் வாங்கியது போல, உங்களிடம் வாங்க ஆள் இருக்கும்.