மேட்ச் நாளில் கால்பந்து ரசிகர்கள் எங்கே, என்ன சாப்பிடுவார்கள்? கொல்கத்தாவில் நான் பார்த்தது

கேள்வி: கால்பந்து ரசிகர்கள் மேட்ச் நாளன்று என்னென்ன சம்பிரதாயங்கள் வைத்திருப்பார்கள்? சாப்பிடவும் குடிக்கவும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்?

இங்கிலாந்துப் பக்கம் இருப்பவர்கள் பப், பீர் என்று எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது கொல்கத்தா மட்டும்தான். 2019 முதல் 2024 வரை வேலை காரணமாக லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். அந்த ஊரில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் என்ன சாப்பிடுவது என்பதை உங்கள் நாக்கு முடிவு செய்யாது. உங்கள் தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்பதுதான் முடிவு செய்யும்.

விஷயம் இதுதான். மோகன் பகான் 1889இல் தொடங்கிய கிளப். மேற்கு வங்கத்துப் பூர்வீகக் குடிகளை அங்கே ‘கோட்டி’ என்பார்கள். அவர்களுடைய அணி இது. ஈஸ்ட் பெங்கால் 1920இல் வந்தது. ஜோராபகான் என்ற கிளப் ஒரு கிழக்கு வங்காள ஆட்டக்காரரை அணியில் சேர்க்காமல் விட, அந்த கிளப்பின் துணைத்தலைவரே கோபித்துக்கொண்டு வெளியேறி ஆரம்பித்த அணி. பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்த ‘பாங்கால்’ மக்களுக்கு அது வெறும் கிளப்பாக இல்லாமல் விட்டுவந்த ஊரின் பெயராகவே ஆகிவிட்டது. பாங்கால்களுக்கு இலிஷ் மீன், நம் ஊரில் உள்ளம் மீன் என்பார்களே, அதுதான். கோட்டிகளுக்கு சிங்ரி, அதாவது இறால். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் பாங்கால் வீடுகளில் இலிஷ் வாங்கியே ஆக வேண்டும். மோகன் பகான் ஜெயித்தால் கோட்டி வீடுகளில் பெரிய இறாலைத் தேங்காய்ப்பாலில் சமைப்பார்கள். இந்த இரண்டு அணியும் மோதும் ஆட்டத்தை டெர்பி என்பார்கள். டெர்பி முடிந்த மறுநாள் காலை சந்தையில் எந்த மீனின் விலை ஏறியிருக்கிறது என்று கேட்டாலே ஸ்கோர் தெரிந்துவிடும் என்பது அங்கே பழைய ஜோக். மைதானத்துக்கே இலிஷைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அட்டையில் வெட்டி வர்ணம் அடித்ததும் வரும், நிஜமானதும் வரும்.

நமக்குத் தாத்தா கும்பகோணம். அதனால் எனக்குக் கட்சி கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வீட்டுக்காரரின் அப்பா கிழக்கு வங்காளத்துப் பரிஷாலில் இருந்து வந்தவர். மாடிக்கு வாடகைக்கு வந்த முதல் வாரமே, “நீ எங்கள் வீட்டில் இருக்கிறாய், அப்படியென்றால் ஈஸ்ட் பெங்கால்” என்று மேஷோ சொல்லிவிட்டார். (வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். சித்தப்பா முறைக்கு மேஷோமொஷாய், சுருக்கமாக மேஷோ. அவர் மனைவி மாஷிமா.)

சம்பிரதாயம் என்று கேட்டீர்கள். மேஷோவின் டெர்பி நாள் இப்படி. காலையில் வீட்டில் இறால் என்ற சொல்லே வரக்கூடாது. சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பழைய ஜெர்ஸி, கழுத்துப் பக்கம் நைந்து போனது, தோற்றால் மட்டும்தான் துவைப்பார்கள். டிவியில் பார்ப்பதானால் யார் எந்த நாற்காலி என்பது மாறாது. அணி கோல் போடும்போது யாராவது கழிப்பறையில் இருந்தால், பாவம், மிச்ச ஆட்டம் முழுக்க அவர் அங்கேயே இருக்க வேண்டியதுதான். மாஷிமாவின் தம்பிக்கு ஒரு முறை இது நடந்ததாம்.

அப்புறம் ‘ஒபயா’ என்று ஒரு வார்த்தை. ராசியில்லாதவன் என்று பொருள். அந்தப் பட்டம் எனக்குத்தான் கிடைத்தது. நான் அவர்களோடு பார்த்த முதல் டெர்பி 2020 ஜனவரி, ஐ-லீக் என்ற தேசிய லீக் போட்டியில். 2–1 என்று தோற்றோம். பிறகு கொரோனா காலத்தில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டங்கள் கோவாவில் நடந்தபோது கீழ்வீட்டு டிவியில் பார்த்தேன். தோற்றோம், தோற்றோம், மறுபடி தோற்றோம். 2022 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் நம் ஆளே நம் கோலுக்குள் பந்தைத் தட்டிவிட்டார். 2023 பிப்ரவரி வரை எட்டு டெர்பி, எட்டும் தோல்வி. எட்டுக்கும் பொதுவாக இருந்தவன் நான் ஒருவன்தான் என்று மேஷோ விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

மைதானத்துக்கு நேரில் போகும் நாள்களின் சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். சால்ட் லேக் மைதானம் பைபாஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. இப்போது மெட்ரோவும் வந்துவிட்டது. ஆனால் டெர்பி கூட்டத்தில் பாதி மேடடோர் என்ற சின்ன லாரி வண்டிகளில் நின்றுகொண்டு, கொடியை ஆட்டியபடிதான் வரும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட நல்ல ஓட்டல் தேடாதீர்கள். அன்றைக்கு ரோட்டோரம்தான் எல்லாம். கடுகெண்ணெய் வாசம் தூக்கும் ஜால்முரி, பட்டாணியில் செய்த கூக்னி, எக் ரோல், மண் குவளையில் டீ. எலுமிச்சை பிழிந்து கறுப்பு உப்புப் போட்ட லேபு சா கிடைத்தால் விடாதீர்கள், கத்திக் கத்திக் கட்டிய தொண்டைக்கு அது ரொம்ப நல்லது. எந்த வண்டியில் சாப்பிடுவது என்பதும் கொடி பார்த்துத்தான். மெரூனும் பச்சையும் கட்டிய பக்கம் மோகன் பகான் கேட், சிவப்பும் மஞ்சளும் நம் கேட். அடுத்த பக்கம் போய் எக் ரோல் வாங்கினால் யாரும் அடிக்க மாட்டார்கள். ஆனால் ஏன் வம்பு?

வம்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மோகன் பகான்காரர்களைக் கிண்டலாக ‘மாச்சா’ என்பார்கள், மூங்கில் பரண் என்று அர்த்தம். பதிலுக்கு அவர்கள் இவர்களை ‘லோட்டா’ என்பார்கள். இது தெரியாமல் ஈஸ்ட் பெங்கால் கேலரியில் நின்றுகொண்டு, சென்னையில் இருக்கும் நண்பனிடம் போனில் “மச்சான், மச்சான்” என்று கத்திப் பேசிக்கொண்டிருந்தேன். நாலு வரிசை திரும்பிப் பார்த்தது.

உண்மையில் சாப்பாட்டுக்காகவே போக வேண்டிய இடம் மைதான் பகுதிதான், ஃபோர்ட் வில்லியம் பக்கம் இருக்கும் பெரிய புல்வெளி. இரண்டு கிளப்புக்கும் சொந்த மைதானம் அங்கேதான்; கிளப் கட்டடத்தை இன்றும் ‘டென்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் கல்கத்தா லீக் ஆட்டங்கள் நடக்கும்போது கேன்டீனில் சிக்கன் ஸ்டூ சாப்பிட வேண்டும். ஸ்டூ என்றதும் நம் ஊர் ஆப்பத்துக்கு வருகிற தேங்காய்ப்பால் ஸ்டூ என்று எண்ண வேண்டாம். தண்ணியாக, வெளிறிய நிறத்தில், ரசத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரு துண்டுக் கோழி, பப்பாளிக்காய், கேரட், மிளகு. மேலே உருகிக்கொண்டிருக்கும் வெண்ணெய். கூடவே கரியில் வாட்டிய தடித்த ரொட்டி. காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது போல இருக்கும், ஆனால் ஈரச் சட்டையோடு உட்கார்ந்து குடிக்கும்போது வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றும். ஆட்டக்காரர்களுக்கு வயிறு கனக்காமல் இருக்க வைத்த சாப்பாடு ரசிகர்களுக்கும் பழகிவிட்டது. எனக்குப் பிடித்த கேன்டீன் மோகன் பகானுடையது. இதை மேஷோவிடம் சொன்னதில்லை. கேன்டீன் வேண்டாம் என்றால் எஸ்பிளனேடு பக்கம் நடந்து டெக்கர்ஸ் லேன் போங்கள், அங்கேயும் ஸ்டூவும் ரொட்டியும் பேர்போனவை.

குடிப்பது பற்றிக் கேட்டவருக்கு: ஆட்டத்துக்கு முன்னால் கூட்டமாக பாரில் உட்காரும் வழக்கத்தை நான் அங்கே அதிகம் பார்க்கவில்லை. டீக்கடைதான் அவர்களுக்கு பார். இன்னொரு ‘பார்’ இருக்கிறது. வங்காளப் புத்தாண்டு அன்று, ஏப்ரல் நடுவில், கிளப்புகளில் ‘பார் பூஜை’ என்று அழைத்தார்கள். சரி, ஏதோ ஏற்பாடு பண்ணியிருக்கிறார்கள் என்று ஆவலோடு போனேன். கோல்போஸ்ட்டின் குறுக்குக் கம்பிக்குச் சந்தனம் தடவி, மாலை போட்டு, ஐயர் வைத்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனிப்பு கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

சாப்பாடு இல்லாமல் அங்கே திட்டக்கூட மாட்டார்கள். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு முன்னால் மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா, எதிரணியின் பைச்சுங் பூட்டியாவை ‘சம்சம்’ என்றும், ஓமோலோவை ‘ஆம்லெட்’ என்றும், சோசோவை ‘சோஷா’ என்றும் கேலி செய்ததாக இன்றும் கதை சொல்வார்கள். சம்சம் ஒரு இனிப்பு, சோஷா வெள்ளரிக்காய். சால்ட் லேக்கில் அன்று 1,31,000 பேருக்கு மேல். ‘சம்சம்’ மூன்று கோல் போட்டார், ஈஸ்ட் பெங்கால் 4–1. மேஷோ அந்தக் கூட்டத்தில் இருந்தார். இந்தக் கதையை எனக்குக் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பார்.

இப்போது 2023 ஆகஸ்ட் 12க்கு வருகிறேன். டுராண்ட் கோப்பை, சனிக்கிழமை. காலையிலேயே மாஷிமா மாடிக்கு வந்தார். சுற்றி வளைத்துப் பேசினார். கடைசியில், “மேஷோ சொல்லச் சொன்னார், இன்றைக்கு நீ மேட்ச் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்” என்றார். போனில்கூடப் பார்க்கக்கூடாதாம். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. சாயங்காலம் லேக் மார்க்கெட்டில் இருக்கும் ஒரு தென்னிந்திய ஓட்டலுக்குப் போய், போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, இரண்டு இட்லியும் ஒரு காபியும் சொன்னேன். அந்தப் பேட்டையில் நம்மவர்கள் ரொம்ப காலமாக இருக்கிறார்கள். காபிக்கும் வெற்றிலைக்கும் பூவுக்கும் குறைவில்லை.

இருட்டிய பிறகு போனை உயிர்ப்பித்தேன். ஏழு தவறிய அழைப்பு. எட்டாவது வந்தது. மேஷோ பேசவில்லை, கத்தினார். “உங்கள் ஊர்ப் பையன்! உங்கள் ஊர்ப் பையன்!” நந்தகுமார் சேகர், சென்னைக்காரர், அந்த சீசனில்தான் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்திருந்தார். 60ஆவது நிமிடத்தில் வலப்பக்கம் இருந்து உள்ளே திரும்பி, இடது காலால் ஒரு வளைவு. 1–0. நாலரை வருடத்துக்குப் பிறகு டெர்பியில் ஒரு வெற்றி. ஒரு தமிழன் வீட்டில் இருந்து தோற்கடித்தான், இன்னொரு தமிழன் வந்து ஜெயிக்க வைத்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

அன்று இரவு இலிஷ். கடுகு அரைத்த குழம்பு, கீறிய பச்சை மிளகாய், மேலே பச்சைக் கடுகெண்ணெய் ஒரு கரண்டி. அந்த மீனில் முள் எண்ண முடியாது, தலைமுடி மாதிரி. நான் தட்டில் நோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த மாஷிமா, “கண்ணால் பார்க்காதே, விரலால் பார்” என்றார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் சதையை மெதுவாக நசுக்கினால் முள் தானாகத் தட்டுப்படும். மிச்சத்தை நாக்கு ஒதுக்கிக்கொள்ளும். ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டேன். மேஷோ சினை இருந்த துண்டை என் தட்டில் வைத்தார். பட்டம் போய்விட்டது என்று அர்த்தம்.

அதோடு எனக்கு ஒரு கடமையும் வந்து சேர்ந்தது. இனி ஒவ்வொரு டெர்பிக்கும் நான் அதே ஓட்டலில், அதே மேஜையில் இருக்க வேண்டும். எங்கே சாப்பிடுவது என்று எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

செப்டம்பர் 3, அதே கோப்பையின் இறுதி ஆட்டம், மறுபடி இதே இரண்டு அணி. போனேன், அதே மேஜை, போன் அணைத்தாயிற்று. மோகன் பகானில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறி, பத்துப் பேரோடு ஆடியும் பெட்ராடோஸ் கோல் போட்டு 1–0 என்று ஜெயித்தார்கள். வீடு திரும்பியதும் விசாரணை.

“எங்கே உட்கார்ந்தாய்?”

“அதே மேஜைதான் மேஷோ.”

“என்ன சாப்பிட்டாய்?”

“மசால் தோசை.”

மேஷோ மாஷிமாவைப் பார்த்தார். மாஷிமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் அலுவலகத்தில் கோட்டி நண்பர் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து டிபன் கேரியரில் சிங்ரி மலாய்கறி கொண்டுவந்தார். தேங்காய்ப்பால், ஏலக்காய், கையளவு இறால். ஐந்து வருடத்தில் நான் சாப்பிட்ட வங்காளச் சமையலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு மிக நெருக்கமாக இருந்தது அதுதான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் படியில் மேஷோ எதிரே வந்து, மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டார். தயிர்சாதம் என்றேன். அவர் என் விரல் நுனியில் இருந்த மஞ்சளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

2024 ஜனவரியில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை டெர்பி. ஓட்டலில் உட்கார்ந்ததும் சர்வர் மசால் தோசையா என்று கேட்டார். இட்லி என்றேன், இரண்டே இரண்டு. ஈஸ்ட் பெங்கால் 3–1, அதில் ஒன்று நந்தகுமாருடையது. ஜனவரியில் நல்ல இலிஷ் கிடைக்காது. ஐஸ் பெட்டியில் கிடந்த ஒன்றை, கடைக்காரர் சொன்ன விலைக்கே மேஷோ வாங்கி வந்திருந்தார். ருசியே இல்லை. எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம்.