பட்டறைத் திண்ணை: வாசகர் கேள்வி, ஆசாரி பதில்

கேள்வி: லண்டனில் இருக்கும் மகள் அங்கே ஒரு நூதனசாலையில் வளைந்த பிளைவுட் சாய்மனைக் கதிரை ஒன்றைப் பார்த்தாளாம். நம்ம தேயிலைப் பெட்டிக்கும் அதற்கும் உறவு உண்டு என்கிறாள். கதை விடுகிறாளா?
– மஸ்கெலியா வாசகி

பதில்: இல்லையம்மா, மகள் சொல்வது சரி. 1936 வாக்கில் அந்தக் கதிரையைச் செய்து விற்றது ஐசோகான் என்ற சின்னக் கம்பனி. அதை நடத்திய ஜாக் பிரிட்சார்ட் அதற்கு முன் வேலை பார்த்தது வெனெஸ்டாவில். எஸ்தோனியப் பிளைவுட்டையும் அதில் செய்த தேயிலைப் பெட்டிகளையும் விற்றவர்கள் அவர்கள். கதிரையை வரைந்த மார்செல் பிராயர் ஹங்கேரிக்காரர். 1925இல் ஜெர்மனியில், சைக்கிள் ஹேண்டிலைப் பார்த்து, உருக்குக் குழாயை வளைத்துக் கதிரை செய்தவர். நாஜிகள் வந்தபின் லண்டனுக்குப் போனார். அங்கே குழாயை விட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டார். உட்காரும் பலகை எஸ்தோனியாவிலேயே வளைக்கப்பட்டு வந்தது. யுத்தம் வந்தது, பலகை வரவில்லை, கதிரையும் நின்றது.

பெட்டிப் பலகை எனக்குப் பழைய சிநேகம். அப்பா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோரில் பெட்டி அடித்தவர். கழித்த பெட்டி லயத்துக்கு வந்தால் அதுதான் எங்களுக்கு அலுமாரி. விளிம்புத் தகரத்தைக் கழற்றும்போது கிழித்த தழும்பு என் இடது பெருவிரலில் இன்னும் இருக்கிறது. பலகையின் ஓரத்தைப் பாருங்கள்: மூன்று ஏடு, நடு ஏட்டின் நார் மட்டும் குறுக்கே ஓடும். மெல்லிசானாலும் பிளக்காமல் இருப்பது அதனால்தான். ஆனால் அந்தக் காலத்துப் பசைக்கு நம்ம ஊர் ஆடி மழை ஆகாது. பத்து வயதில் நான் செய்த முதல் முக்காலியை ஒரு ராத்திரி வாசலில் மறந்துவிட்டேன். விடிந்து பார்த்தால் அப்பளம் மாதிரி ஏடு ஏடாகக் கழன்று கிடந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பில் வைத்துவிட்டார்.

துரை பங்களா வராந்தாவில் காலை நீட்டிப் படுக்கும் கதிரையைப் பார்த்த கண்ணுக்கு பிராயர் கதிரை பெரிய அதிசயமில்லை. ஆனால் முதுகிலிருந்து கால் வரை ஒரே பலகையாக வளைத்திருக்கிறாரே, அதற்கு ஒரு கும்பிடு.

கேள்வி: பின்னங்காலே இல்லாத குழாய்க் கதிரை வாங்கினேன். பாரமானவர் உட்கார்ந்தால் சரியாதா?
– வெலிமடை வாசகர்

பதில்: சரியாது. தரையோடு பின்னால் ஓடும் குழாய்தான் அதற்குப் பின்னங்கால். டச்சுக்காரர் மார்ட் ஸ்டாம் 1926இல் காஸ் குழாய்த் துண்டுகளை மூட்டுப் போட்டு இதைச் செய்து பார்த்தார். உங்கள் ஊர்ப் பனிக்குத் துருதான் எமன். அடிக்குழாயை மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.